மேலே போய்க் கீழே விழுவதற்கென்றே ஒரு ராக்கெட்

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயை அப்படியே நிமிர்த்தி, வானத்தைப் பார்க்க நிறுத்தியதாக வைத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 95 கி.மீ. விண்வெளி தொடங்கும் உயரம் என்று பொதுவாகச் சொல்லும் 100 கி.மீ.க்குக் கொஞ்சம்தான் குறைச்சல். கலம்போலியில் கிளம்பிப் பன்வேலைத் தாண்டிய கையோடு, பயணிகள் விமானம் பறக்கும் 10, 12 கி.மீ. உயரம் வந்துவிடும். கோபோலி பக்கம் வரும்போது 40 கி.மீ.; பெரிய ஆராய்ச்சி பலூன்கள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும். அப்புறம் சாலை முடிந்து, புனே ஊரையும் கடந்து, சாத்தாரா வரைக்கும் போனால்தான் 200 கி.மீ. செயற்கைக்கோள்கள் கொஞ்ச நாளாவது தங்கிச் சுற்ற ஆரம்பிப்பது ஏறக்குறைய அங்கேதான்.

சரி, கோபோலிக்கும் சாத்தாராவுக்கும் நடுவே? பலூன் அங்கே எட்டாது, செயற்கைக்கோள் அங்கே இறங்கினால் தங்காது. அந்த நடுப்பகுதிக்கு நேரில் போய் அளந்து பார்க்க நம்மிடம் உள்ள வண்டி ஒன்றுதான்: ஆய்வு ராக்கெட். சவுண்டிங் ராக்கெட் என்றும் சொல்வார்கள்.

பலூன் ஏன் நின்றுவிடுகிறது என்பது எளிது. அது மிதப்பதற்குச் சுற்றிலும் காற்று வேண்டும். 40 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் முந்நூறில் ஒரு பங்குதான். 100 கி.மீ.யில் சுமார் 20 லட்சத்தில் ஒரு பங்கு. மிதக்க இந்தக் காற்று போதாது. ஆனால் செயற்கைக்கோளைக் கெடுக்க இதுவே தாராளம். நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒரு பொருளுக்கு இவ்வளவு மெல்லிய காற்றும் தடைதான். சுற்றச் சுற்ற வேகம் குறைந்து, கொஞ்ச நேரத்தில் எரிந்து விழும்.

அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நாம் எரிநட்சத்திரம் என்று பார்ப்பவை பெரும்பாலும் எரிவது இந்த உயரத்தில்தான். நம் காற்று மண்டலத்திலேயே மிகக் குளிரான இடமும் இங்கேதான், 85 முதல் 100 கி.மீ.க்குள், சுமார் மைனஸ் 90 டிகிரி வரை இறங்கும். அதைத் தாண்டி மேலே போனால் வெப்பநிலை தலைகீழாக ஏறி நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போய்விடும். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் இங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. அப்படி மின்னூட்டம் பெற்ற அடுக்குகளுக்கு அயன மண்டலம் என்று பெயர். ஒரு காலத்தில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்கள் எல்லாரும் அந்த அடுக்குக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள். அலை மேலே போய், அங்கே பட்டுத் திரும்பித்தான் தூரத்து ஊர் ரேடியோவுக்கு வந்தது.

இனி ராக்கெட்டுக்கு வருவோம். செம்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அங்கிள், மேல போன ராக்கெட் திரும்பக் கீழ விழுந்துட்டா அது ஃபெயிலியர்தானே?” நல்ல கேள்வி. டிவியில் நாம் பார்ப்பது எல்லாம் செயற்கைக்கோளைக் கொண்டுபோகும் ராக்கெட். அது கீழே விழுந்தால் தோல்விதான். ஆய்வு ராக்கெட்டுக்குக் கீழே விழுவதும் வேலையின் ஒரு பாதி. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என்று ஒவ்வொரு அடுக்கையும் இரண்டு தடவை வெட்டிக்கொண்டு போகிறது. செயற்கைக்கோள் ஒரே உயரத்தில் உலகத்தைச் சுற்றிவரும். இது ஒரே ஊரின் மேலே, அடி முதல் முடி வரை அளந்து காட்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். பள்ளிக்கூடச் சூத்திரமே போதும். காற்றின் தடையை மறந்துவிட்டால், 100 கி.மீ. உயரம் போக ஒரு பொருளை நொடிக்கு 1.4 கி.மீ. வேகத்தில் மேலே எறிய வேண்டும். 200 கி.மீ. என்றால் சுமார் 2 கி.மீ. பூமியைச் சுற்றவைக்க வேண்டுமானால் தேவைப்படும் வேகம் நொடிக்கு 7.8 கி.மீ. 100 கி.மீ. தொடுவதோடு ஒப்பிட்டால் வேகத்தில் ஐந்தரை மடங்கு வித்தியாசம். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஒரு கிலோவுக்கு முப்பது மடங்கு. விண்வெளியைத் தொடுவதும் அங்கேயே தங்குவதும் இவ்வளவு தூரம் விலகிய இரண்டு காரியங்கள். ஆய்வு ராக்கெட் சிறியதாக, மலிவாக, சில மாதங்களில் தயாராகிவிடக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

விலையாகக் கொடுப்பது நேரம். 100 கி.மீ. உச்சியிலிருந்து கீழே விழ 143 நொடி. ஏற அதே அளவு. ஆக மொத்தம் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் மூக்குக் கூம்பு பிரிந்து, கருவிகள் விழித்து, அளந்ததை எல்லாம் ரேடியோ வழியே தரைக்கு அனுப்பி முடித்துவிட வேண்டும். கடற்கரையிலிருந்து ஏவும் ராக்கெட் பெரும்பாலும் கடலில் போய் விழும். அநேகமாக யாரும் தேடிப் போவதில்லை. தகவல் வந்து சேர்ந்துவிட்டது, அதுதான் வேண்டியது.

இதற்குள் உருப்படியாக என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று தோன்றினால், இரண்டு சம்பவங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகளை அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு போய், நியூ மெக்சிகோவின் வைட் சேண்ட்ஸ் பாலைவனத்தில் சோதித்தார்கள். வெடிமருந்து இருந்த மூக்கில் விஞ்ஞானிகளின் கருவிகளை வைத்தார்கள். 1946 அக்டோபரில், ஒரே மாதத்தில், சூரியனின் புற ஊதா நிறமாலை முதன்முதலாக ஓசோன் படலத்துக்கு மேலிருந்து பதிவானது. அக்டோபர் 24-ல் சுமார் 105 கி.மீ. உயரத்திலிருந்து பூமியின் முதல் விண்வெளிப் படமும் கிடைத்தது. ராக்கெட் தரையில் மோதி நொறுங்கியது. படச்சுருள் மட்டும் இரும்புப் பெட்டிக்குள் பிழைத்துக்கொண்டது.

இரண்டாவது, 1962 ஜூன். அதே வைட் சேண்ட்ஸில் ஏரோபீ என்ற ஆய்வு ராக்கெட். நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கத்தான் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அதை அனுப்பியது. எக்ஸ் கதிர்களைக் காற்று விழுங்கிவிடும் என்பதால் தரையிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. கிடைத்தது ஆறு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் விருச்சிக ராசிப் பக்கமிருந்து யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு எக்ஸ் கதிர்கள் வந்து கொட்டின. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்டுபிடிக்கப்பட்ட, எக்ஸ் கதிர் வீசும் முதல் பொருள் அதுதான். எக்ஸ் கதிர் வானியல் என்ற துறை அந்தச் சில நிமிடங்களில் பிறந்தது. ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் கதைக்கு வருவோம். தும்பா கதையை வாட்ஸ்அப்பில் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மீனவக் கிராமம், ராக்கெட் வேலைக்காக விட்டுக்கொடுத்த மகதலேனா மரியாள் தேவாலயம், சைக்கிளில் போகும் ராக்கெட் கூம்பு. கதை உண்மைதான், ஆனால் கொஞ்சம் குழம்பிப்போய்ச் சுற்றுகிறது. சைக்கிள் படம் முதல் ஏவுதலின்போது எடுத்ததல்ல. அது 1966-ல் எடுத்தது. கூடவே வரும் மாட்டுவண்டிப் படமோ 1981-ல் ஆப்பிள் என்ற இந்தியச் செயற்கைக்கோளை ஏற்றிய வண்டி. எனக்கு இதில் பெரிய வருத்தம் வேறொன்று. சைக்கிளைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அந்த முதல் ராக்கெட் எதற்காக மேலே போனது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கதையில் நம் மும்பைக்கும் பங்கு உண்டு. 1962-ல் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தபோது அது ஹோமி பாபாவின் அணுசக்தித் துறையின் கீழ்தான் இருந்தது. விக்ரம் சாராபாய் தலைவர். அப்துல் கலாமை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது பம்பாய்க்கு. டிராம்பேயில் அணு உலை வேலையில் இருந்த சென்னை இளைஞர் ஆர். ஆராவமுதன், அதை விட்டுவிட்டு இந்தப் புது வேலையில் சேர்ந்தார். அமெரிக்காவில் நாசாவிடம் பயிற்சி பெற்றுத் தும்பாவுக்குப் போன முதல் கூட்டத்தில் இவர்கள் இருவரும் இருந்தார்கள்.

1963 நவம்பர் 21. ராக்கெட் நைக்–அப்பாச்சி, அமெரிக்காவுடையது. உள்ளே இருந்த கருவி பிரான்சுடையது. எடை மொத்தம் 700 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஆய்வுச் சரக்கு சுமார் 30 கிலோ. இரண்டு அடுக்கு, இரண்டிலும் திட எரிபொருள். கீழ் அடுக்கு எரிவது மூன்றரை நொடி மட்டும். ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. கடைசியில் ஆட்களே கை கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். மாலை 6.25-க்கு ஏவினார்கள்.

இந்த நேரத்தைக் கவனியுங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இது தற்செயல் இல்லை. சோதனையின் உயிரே இந்த நேரம்தான். ராக்கெட்டுக்குள் இருந்தது சோடியம். அதைச் சூடாக்கி ஆவியாக்கும் கலவையும் கூடவே. மேலே போகப் போக, ராக்கெட் சோடியம் ஆவியைக் கோடு இழுத்த மாதிரி விட்டுக்கொண்டே போகும். தரையில் இருட்டு விழுந்துவிட்டது. ஆனால் நூறு கி.மீ. உயரத்தில் இருக்கும் ஆவியின் மேல் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. சோடியம் அணு அந்த வெயிலில் தனக்குரிய மஞ்சள் ஒளியை மட்டும் வாங்கித் திருப்பி வீசும். எல்இடி வருவதற்கு முன் மெரின் டிரைவில் இரவெல்லாம் எரிந்த மஞ்சள் விளக்குகளுக்குள் இருந்ததும் இதே சோடியம் ஆவிதான்.

அதனால் இருண்ட வானத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒரு கீற்று தெரிந்தது. கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் ஜனங்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ராக்கெட் போன உயரம் சுமார் 200 கி.மீ.

அழகு இருக்கட்டும், அளவு எங்கே? நேராகப் போட்ட கோடு நேராக நிற்பதில்லை. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் அடிப்பதால், சில நிமிடங்களில் அது வளைந்து நெளிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஒன்றுக்கொன்று தூரமான ஊர்களில் கேமராக்களை வைத்து, ஒரே நேரத்தில் தொடர்ந்து படம் எடுப்பார்கள். பின்னணியில் தெரியும் நட்சத்திரங்களை வைத்துக் கோணம் கணிக்கலாம். இரண்டு இடத்துக் கோணங்கள் கிடைத்தால், கீற்றின் ஒவ்வொரு புள்ளியும் எந்த உயரத்தில், எங்கே இருக்கிறது என்று முக்கோணக் கணக்கில் வந்துவிடும். அடுத்த படத்தில் அதே புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் காற்றின் வேகமும் திசையும் கையில். எந்த மின்னணுக் கருவியும் மேலே போகவில்லை. கருவி என்று இருந்தது கீழே கேமரா, மேலே ஆவி, அவ்வளவுதான்.

இப்படிப் பல நாடுகளில் விட்ட ஆவிக்கீற்றுகள் காட்டிய விஷயங்கள் ஆச்சரியமானவை. நூறு கி.மீ. உயரத்தில் காற்று நொடிக்கு நூறு மீட்டர் வேகத்திலும் அதற்கு மேலும் அடிக்கிறது, சில கி.மீ. மேலேயோ கீழேயோ போனால் எதிர்த்திசையில் அடிக்கிறது. இன்னொன்று, சுமார் 105 கி.மீ. வரை கீற்று பிய்ந்து சுருண்டு கலைகிறது. அதற்கு மேலே வழவழவென்று மெல்லப் பரவுகிறது, அவ்வளவே. அதாவது, அந்த உயரம் வரைதான் காற்று கொந்தளித்துக் கலக்கிறது. அதற்கு மேலே ஒவ்வொரு வாயுவும் தன் எடைக்கேற்பத் தனித்தனியாகப் பிரிய ஆரம்பிக்கிறது. புகைப்படத்தைப் பார்த்தே எல்லைக்கோட்டைச் சொல்லிவிடலாம்.

ஆனால் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் காற்று அல்ல, காந்தம். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைத்தால் ஒரு கோடு வரும். அது காந்த நடுக்கோடு. புவியியல் நடுக்கோடு இந்தியாவைத் தொடுவதே இல்லை. காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. தும்பா அதன் மேலேயே இருந்தது, கடலும் பக்கத்தில். இந்தக் கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. சில நூறு கி.மீ. அகலமே உள்ள குறுகிய பட்டை. எலக்ட்ரோஜெட் என்று பெயர்.

கீழே இருந்தும் அதை உணரலாம். மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். நடுப்பகலில் திருநெல்வேலியில் காந்தமானியைப் பார்த்தால், புலம் கூடியிருக்கும். ஆனால் அந்தக் கூடுதலில் எவ்வளவு எலக்ட்ரோஜெட்டின் கைங்கரியம், எவ்வளவு பூமி முழுவதுக்கும் பொதுவான மாற்றம்? இதற்குப் பட்டையிலிருந்து விலகிய இன்னொரு ஊரின் அளவு வேண்டும், கழித்துப் பார்க்க. விஞ்ஞானிகள் கழிக்கும் ஊர் எது தெரியுமா? நம் அலிபாக். மாண்ட்வா படகேறிக் கடற்கரைக்குப் போகிறோமே, அதே அலிபாக்தான். 1841 முதல் கொலாபாவில் எடுத்துவந்த காந்த அளவுகள், பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அது ஊசியைக் கெடுத்துவிடும் என்பதால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாற்றப்பட்டன. திருநெல்வேலி கழித்தல் அலிபாக்: எலக்ட்ரோஜெட்டின் பலம் ஆய்வுக் கட்டுரைகளில் இப்படித்தான் வருகிறது. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் தலைமையகம் நியூ பன்வேலில் இருக்கிறது. மும்பையில் இருக்கும் திருநெல்வேலிக்காரர்கள் இதைச் சொல்லிக் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

தரையில் எவ்வளவு அளந்தாலும், மின்னோட்டம் எந்த உயரத்தில், எவ்வளவு தடிமனில் ஓடுகிறது என்பது கிடைக்காது. அதற்கு ஊடே போக வேண்டும். 1964-லேயே தும்பாவிலிருந்து நைக்–அப்பாச்சியில் காந்தமானிகள் போயின. ராக்கெட் பட்டைக்குக் கீழே இருக்கும்வரை மின்னோட்டத்தின் காந்தப் புலம் பூமியின் புலத்தோடு சேர்ந்து கூட்டும். பட்டையைத் தாண்டி மேலே போனதும் அதுவே எதிர்த்திசையில் திரும்பிக் குறைக்கும். ஆக, வரைபடத்தில் எந்த உயரத்தில் கோடு சட்டென்று சரிகிறதோ அங்கேதான் மின்னோட்டம். சில நொடிகளில் கடந்துவிடும் ஓர் அடுக்கு, அதைப் பிடிக்க இதைவிட நேரடியான வழி கிடையாது. கூடவே லாங்முயர் ஆய்வுமுனை என்ற கருவியும் போகும். ஒரு சின்ன உலோக முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து, அதில் வந்து சேரும் மின்னோட்டத்தைப் பார்த்து, சுற்றிலும் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று சொல்லும். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் இதில் வருடக்கணக்காக வேலை பார்த்தது.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய செம்பு இழைகளை உச்சியில் கொட்டிவிட்டு, அவை காற்றில் அடித்துப் போவதை ரேடாரில் பார்ப்பது ஒன்று. வெவ்வேறு உயரத்தில் சின்னக் குண்டுகளை வெடிக்கவைத்து, சத்தம் தரைக்கு வரும் நேரத்தை மைக்குகளில் பிடிப்பது இன்னொன்று. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால் அதிலிருந்து வெப்பநிலை வந்துவிடும். சாதா வெப்பமானியை அங்கே அனுப்பினால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, தன்மேல் பட்ட வெயிலைத்தான் சொல்லும்.

இந்தியாவில் செய்த முதல் ஆய்வு ராக்கெட் ரோகிணி ஆர்எச்-75, 1967 நவம்பரில் பறந்தது. 75 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில்! விளையாட்டுச் சாமான் என்று சிலர் சிரித்தார்களாம். பெயரில் எண் ஏற ஏற ராக்கெட்டும் பருத்தது. இன்று ஆர்எச்-200 சுமார் 10 கிலோவை 80 கி.மீ.க்கும், ஆர்எச்-560 சுமார் 100 கிலோவை 470 கி.மீ.க்கும் தூக்குகின்றன. 1968 பிப்ரவரி 2-ல் இந்திரா காந்தி தும்பா தளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார்; அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் எல்லாரும் பனிப்போர் நடுவே ஒரே கடற்கரையில் வேலை செய்தார்கள். ரஷ்யாவின் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் 1970-களில் வாரந்தோறும் அங்கிருந்து போய்க்கொண்டிருந்தன.

செயற்கைக்கோள் இவ்வளவு வந்தபிறகும் இது தேவையா? 2010 ஜனவரி 15-ல் கன்னியாகுமரிப் பக்கம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கலாம். நண்பகலில் சூரியன் மங்கும்போது எலக்ட்ரோஜெட் என்ன ஆகிறது? இதைப் பார்க்கச் சரியான இடத்தில், சரியான நிமிடத்தில் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் தன் பாதையில்தான் வரும், நம் நேரத்துக்கு வராது. தும்பாவிலிருந்து கிரகணத்துக்கு முன்னும் பின்னும் நடுவிலும் அடுத்தடுத்து ராக்கெட் அனுப்பினார்கள். 2022 நவம்பர் 23-ல் ஆர்எச்-200 தொடர்ந்து 200-வது முறை வெற்றியாகப் பறந்தது.

மகதலேனா மரியாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பெரிய ராக்கெட் மாதிரிகளுக்கு முன்னால் செல்ஃபி எடுத்த கையோடு, ரோகிணி வரிசைப் பக்கமும் ஒரு தடவை அழைத்துப் போங்கள்.